நூல் கடிக்கும் பல்

மார்ச் 4

வாய் கொப்பளித்துத் துப்பினால் இன்றும் ரத்தம். அவர் பார்ப்பதற்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவிவிட்டேன். மிஷினில் உட்கார்ந்து நூலைக் கடித்தபோது மேல் முன்பல் நூலோடு சேர்ந்து அசைந்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் தொங்குகிறது. யார் எடுப்பது? உதட்டில் குண்டூசி, பல்லில் நூல் – எங்கள் தையற்கூடத்தில் எல்லோருக்கும் இதே வழக்கம்தான்.

மார்ச் 9

“எம்மேல என்ன கோவம்?” என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துப் படுப்பதைத்தான் சொல்கிறார். வாய் நாறுகிறது என்று கட்டின புருஷனிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஒன்றுமில்லை என்றேன், அதையும் சுவரைப் பார்த்தே.

மார்ச் 17

பக்கத்து மிஷின்காரிக்கு வெங்கலக்குரல் என்று பெயர் வைத்திருக்கிறோம். ரகசியம் சொன்னாலும் வாசல்வரை கேட்கும். அரசாங்கக் காப்பீட்டில் ஈறு வைத்தியமும் உண்டு என்று அவள் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பல் டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு அளந்து பார்த்தாள். ஈறு நோயாம், பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறதாம். பல் மட்டும் நல்ல பல்லாம். ரொம்ப சந்தோஷம்.

முதலில் மேல்வரிசை, பிறகு கீழ்வரிசை என்று இரண்டு தடவையாக ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும். முழுக்க இலவசம். ஆனால் இரண்டாம் தடவைக்கு வராவிட்டால் நம் முறை ரத்து, மறுபடி எல்லோருக்கும் பின்னால் போய் நிற்க வேண்டும். நூலைக் கடிக்கக் கூடாது என்றாள். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2

மேல்வரிசை முடிந்தது. அதிகம் வலிக்கவில்லை. சரியாகிவிடும் என்று முதல்முறையாகத் தோன்றியது.

ஏப்ரல் 5

சரியாவதாவது! நாக்குப் பட்டாலே ஆடுகிறது. முன்னைவிட மோசம். அந்தப் பொண்ணு என்னத்தைச் சுரண்டித் தொலைச்சாளோ. வெங்கலக்குரல் என் வாயை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சுத்தம் பண்ணினா பல்லு கழண்டுடும்க்கா. எங்க மாமியாருக்கும் இப்படித்தான். ஓசி வைத்தியம் வேற எப்படி இருக்கும்?” தையற்கூடமே கேட்டது.

ஏப்ரல் 23

இன்று இரண்டாம் தடவை. லீவும் வாங்கியிருந்தேன். புடவைகூடக் கட்டிவிட்டேன். கீழ்வரிசையையும் ஆட்டிவிட்டால்? போகவில்லை.

ஏப்ரல் 30

அவர் தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றுமில்லை. “நீயாவது நிம்மதியா தூங்கு” என்றார். திட்டியிருக்கலாம். கூப்பிட வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டேன்.

மே 18

நூல், பல், வலி. எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 11

கன்னம் வீங்கி, ஈறில் சீழ். வேறு வழியில்லாமல் அதே டாக்டரிடம் போனேன். அவள் திட்டவில்லை. ஆடுகிற பல்லை இத்தனை நாள் பல்லில் படிந்த காரைதான் ஒட்டிப் பிடித்திருந்ததாம். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிந்திருக்கிறது. ஈறு இறுகக் கொஞ்ச நாள் ஆகும், அதற்குள் பயந்துவிட்டீர்கள் என்றாள்.

“அப்பவே வந்திருந்தா மேல்வரிசையையும் மறுபடி பாத்து இந்தப் பல்லைக் காப்பாத்தியிருப்பேம்மா.”

மீதிப் பல்லையாவது பாரேன் என்று கெஞ்சினேன். ஈறு வைத்தியத்துக்குப் புதிதாகப் பதிந்தால் மழைக்காலம் முடிந்துதான் முறை வருமாம். முன்பல்லைப் பிடுங்குவது என்றால் நாளைக்கே வரலாம், அதற்கு வரிசை கிடையாது. பிடுங்குவதற்கு மட்டும் என்ன அவசரமோ. யாரைத் திட்டுவது? கொடுத்த நாளில் போகாதவள் நான்தானே. அந்த நாற்காலியிலேயே, வாயில் பஞ்சோடு, அழுதேன்.

ஜூன் 12

பிடுங்கியாயிற்று. கூட்டிப்போக அவர் வந்திருந்தார். வழியில் பஞ்சைத் துப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன் – ரத்தம், நாற்றம், சுவரைப் பார்த்துப் படுத்தது. நடையை நிறுத்திவிட்டார்.

“இதுக்கா? ஒனக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல நெனச்சேன்.”



ஜூன் 26

அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். முடிச்சுப் போட்டு, பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனேன். பல் இருந்த இடத்தில் நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி கடித்தேன், மறுபடியும் வழுக்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து நூலை நறுக்கினார். சட்டையை மடித்து வைத்தார்.

இன்றைக்காவது உள்ளே வந்து படுக்கச் சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தே.

“இருக்கட்டும். எனக்கு அங்கயே பழகிடுச்சு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.