நிலையத்தில் இல்லாத பையன் நிலையத்துக்கு டீ வாங்க வருவது குறித்து

அனுப்புநர்:
வெ. அம்சவல்லி,
டீக்கடை, மேட்டுக்கொல்லை கூட்ரோடு,
ஒரகடம் வழி.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: இசக்கிதுரை என்ற பதினேழு வயதுப் பையனைக் காவல் நிலையத்திலிருந்து மீட்டு, அவன் கைக்கு வைத்தியம் பார்க்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்; டீயில் பிழை வராது. எங்கள் காவல் நிலையத்தையே கேட்டுப் பாருங்கள், அங்கே குடிப்பது என் கடை டீதான்.

2. இசக்கிதுரை தென்காசிப் பக்கத்துப் பையன். ஐ.டி.ஐ. முடித்து இங்கே ஒரு கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்தவன். என் கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறான். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவனை, நீலச் சட்டைக்காரன் ஒருவன் செல்போன் திருடிவிட்டான் என்று சொல்லி போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஷிப்டு நேரத்தில் எங்கள் ரோட்டில் நீலச் சட்டை போடாதது கரண்டு கம்பம் மட்டும்தான், ஐயா.

3. அன்றே நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். “அப்படி யாரும் இங்க இல்லம்மா, போய் வேலையப் பாரு” என்றார் ஏட்டையா. சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை நிலையத்துத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீ வாங்க வந்தது யார் என்கிறீர்கள்? இல்லாத அதே இசக்கிதுரை! பின்னால் காவலுக்கு ஒரு ஊர்க்காவல் படைக்காரர்.

“இன்னாடா, கம்பெனி மாறிக்கினியா?” என்று கேலி செய்தேன். “ஆமாக்கா, இங்க ஷிப்டு முடியவே மாட்டேங்கு” என்று சிரித்தான். தூக்கை இடது கையில் வாங்கினான். வலது கை வீங்கியிருந்தது. விரல் மடங்கவில்லை. அதற்கு மேல் எனக்குக் கேலி வரவில்லை.

4. பின்னாலேயே நானும் போனேன். “இதோ நிக்கிறானே, இவன் யாரு சார்?” என்றேன். அவன் ஊற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே ஏட்டையா, “அதான் யாரும் இல்லன்னு சொன்னேன்ல” என்றார். பதினெட்டு வயது ஆகாதவர்களை நிலையத்தில் அடைத்து வைக்கக் கூடாது, பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவர் தலைக்கு மேலேயே போர்டு இருக்கிறது. எழுத்துக் கூட்டி நானே படித்துவிட்டேன். அவன் அம்மா பூமாரிக்கு நான்தான் போன் செய்தேன். கை விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் பிழைப்பே அந்தக் கையில்தான் இருக்கிறது.

5. இன்று காலையும் அவன்தான் வந்தான். ஐயா, அவன் திருடினானா என்று சிறுவர் கோர்ட்டில் விசாரிக்கட்டும். முதலில் அவன் அங்கே இருக்கிறான் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அடித்தது யார் என்று கேளுங்கள்.

டீ நின்றுபோகும் என்று நிலையத்தில் யாரும் கவலைப்பட வேண்டாம். பையனை விட்டுவிட்டால் தூக்கை நானே கொண்டுவருகிறேன். எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது.

தங்கள் பதிலுக்குக் கடையிலேயே காத்திருக்கும்,
வெ. அம்சவல்லி

இடம்: மேட்டுக்கொல்லை
நாள்: 13.08.2025