வேலைக்கு வந்தவர் படத்தில் இல்லாமல் போனது குறித்து

அனுப்புநர்
அ. சத்யபிரியா (வயது 27),
த/பெ. அப்புசாமி,
பணித்தளப் பொறுப்பாளர், நூறு நாள் வேலைத் திட்டம்,
கல்லுக்குட்டைப்பட்டி ஊராட்சி,
மேச்சேரி வழி, சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: 22.08.2024 அன்று குட்டை ஆழப்படுத்தும் பணியில் மண் சரிந்து கால் முறிந்த திருமதி ராஜம்மாள் அன்று பணிக்கு வரவில்லை என நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் பொய் என்பதாலும், அன்று காலை நான் செயலியில் ஏற்றிய படம் போலியானது என்பதாலும், இரண்டையும் ரத்து செய்து அவருக்கு உரிய உதவி கிடைக்கச் செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்தப் புகார் என் மீது நானே கொடுப்பது. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் எழுத வேறு பெயர் இல்லை. நடந்ததை நடந்தபடி கீழே எழுதியுள்ளேன்.

1. நான் மூன்று ஆண்டுகளாக மேற்படி ஊராட்சியில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். வேலைக்கு வந்தவர்களைக் காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பணியிடத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து, செயலியில் ஏற்றி, அவரவர் பெயருக்கு எதிரே வருகையைக் குறிப்பது என் வேலை. செல்போனில் ஏற்கெனவே இருக்கும் படத்தைச் செயலி ஏற்காது. பணியிடத்தில், அந்த நேரத்தில், கேமராவைத் திறந்து எடுத்தால்தான் ஏற்கும். படத்தில் இருப்பவர் வந்தவர், இல்லாதவர் வராதவர் என்பதே நடைமுறை.

2. 22.08.2024 வியாழக்கிழமை காலை எனக்கு உடல்நலம் சரியில்லை என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று நான் நன்றாகவே இருந்தேன். எனக்கும் திரு. மணிமாறன் என்பவருக்கும் திருமணம் நிச்சயமாகியுள்ளது. திருமணத்திற்கு முன்பே மணமக்களைப் பூங்காவில் வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. அதற்காக மேட்டூர் அணைப் பூங்காவுக்குப் பத்து மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டே முக்கால் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டே குட்டைக்குப் போனேன். எட்டரை மணிக்கு ஆறு பேர்தான் வந்திருந்தார்கள்.

3. என்னிடம் பழைய செல்போன் ஒன்று உண்டு. முந்தைய நாள் பிற்பகல் எடுத்த குழுப் படம் அதில் இருந்தது. அதை அந்தத் திரையில் பெரிதாகத் திறந்து ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். மறு கையில் இருந்த அலுவலகப் போனில் செயலியின் கேமராவைத் திறந்து, திரையையே படம் பிடித்தேன். பணியிடத்தில் நின்று எடுத்ததால் இடமும் நேரமும் சரியாகப் பதிவாயின. நேரம் காலை 8.31. முந்தைய நாள் வந்த இருபத்து மூன்று பேரையும் அன்றும் வந்ததாகக் குறித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். இது எனக்கு முதல் முறையும் அல்ல. இதற்கு முன் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

4. திருமதி ராஜம்மாள் (வயது 56), காலஞ்சென்ற பொன்னன் அவர்களின் மனைவி. முந்தைய நாள் அவர் சர்க்கரை நோய் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போயிருந்ததால் வேலைக்கு வரவில்லை. எனவே அந்தப் படத்திலும் இல்லை. 22ஆம் தேதி தன் மூன்று ஆடுகளுக்கும் தீனி போட்டுவிட்டு எட்டு ஐம்பதுக்கு வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் அங்கே இருந்திருந்தால் அவர் பெயரைச் சேர்த்திருப்பேன். கரையின் அடியில் நின்று மண் அள்ளாதீர்கள் என்றும் சொல்லியிருப்பேன். அதைச் சொல்வதும் என் வேலைதான்.

5. பதினொன்று இருபது வாக்கில் கரை மண் சரிந்து அவர் மீது விழுந்தது. இடது தொடை எலும்பு முறிந்தது. உடன் வேலை செய்த உண்ணாமலை என்பவர் என் எண்ணுக்கு நான்கு முறை அழைத்திருக்கிறார். படம் எடுப்பவர் போனை அமைதியில் வைக்கச் சொல்லியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. 108 வண்டி வரும்வரை மற்றவர்கள் ராஜம்மாளின் தலைக்கு மேல் துண்டை விரித்து நிழல் கொடுத்தபடி நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் நான் முகவாயைச் சற்று உயர்த்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டு, உயர்த்திக்கொண்டிருந்தேன்.

6. பிற்பகல் இரண்டு மணிக்கு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு குட்டைக்கு வந்தேன். வேலை நின்றிருந்தது. உண்ணாமலை என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது: “ஏனுங்க, ராஜம்மா பேரு ஏறியிருக்குதுங்களா?” நான், “ஏறியிருக்குதுங்க” என்றேன். ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். மீதி இருந்தவர்களை நிற்க வைத்துப் பிற்பகல் படத்தை எடுத்தேன். அது உண்மையான படம். ஆனால் அதற்குள் ராஜம்மாளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதால் அதிலும் அவர் இல்லை.

7. பணியிடத்தில் காயமடைந்தவருக்குத் திட்டத்தில் சிகிச்சை உதவி உண்டு. அதற்கு அவர் மகன் மனு கொடுத்தார். அவர் போர்வெல் லாரியில் வேலை செய்பவர். வெளி மாநிலத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். 05.09.2024 அன்று விசாரணைக்கு வந்த அலுவலர் இரண்டு படங்களையும் காட்டி, இவற்றில் ராஜம்மாள் இல்லையே என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அவர் பார்த்த படம் அதைத்தான் சொன்னது. நான் என் கைப்பட எழுதிக் கொடுத்தது: “அன்று அவர் பணிக்கு வரவில்லை. குட்டைப் பக்கம் ஆடு மேய்க்க வந்தபோது கரையிலிருந்து விழுந்துள்ளார்.” ஆடு மேய்த்தார் என்பதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்பவர்கள் நம்புவார்கள் என்று நானே யோசித்து எழுதினேன். மனு நிராகரிக்கப்பட்டது.

8. உடன் வேலை செய்தவர்கள் அப்போது ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கக்கூடும். விசாரணைக்கு முந்தைய நாள் நான் வீடு வீடாகப் போனேன். படம் தவறு என்று ஆனால் எல்லோருடைய வருகையும் போய்விடும், வேலை அட்டையையே ரத்து செய்துவிடுவார்கள் என்று பயமுறுத்தினேன். படிக்காதவர்கள் நான் சொன்னதை நம்பினார்கள். அவர்கள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

9. செப்டம்பர் மாதக் கடைசியில், சேலத்தில் சிகிச்சையில் இருந்த ராஜம்மாளைப் பார்க்கப் போனேன். போகாவிட்டால் ஊரில் சந்தேகப்படுவார்கள் என்றுதான் போனேன். காலில் கம்பி வைத்திருந்தார்கள். அவர் என்னைக் குறை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“சாமி, அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டு” என்றார். காட்டினேன். விரலால் ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்த்தார். “உண்ணாமலைக்குப் பக்கத்துலதான நான் நின்னு மண்ணு அள்ளுனேன்? இங்க யாரையும் காணமே” என்றார். பிறகு என்னிடமே, “ஒருவேளை நான் அன்னைக்கு வரலியோ? எம் பையன் எனக்கு நெனப்புத் தப்பிப் போச்சுங்கறான். சர்க்கரை இருந்தா அப்படியெல்லாம் ஆகுமாமே?” என்று கேட்டார்.

ஐயா, முறிந்த கால் அவர் கண்ணெதிரே கிடந்தது. அதைவிட என் படத்தை அவர் நம்பினார். அவர், “கண்ணு சரியாத் தெரியல. இதைப் பெருசாப் போட்டுக் குடு சாமி, நல்லாப் பாத்துக்கறேன்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

10. படத்தைப் பெரிதாக அச்சிட, மேச்சேரியில் செல்போன் பழுது பார்க்கும் திரு. தனசேகர் கடைக்குப் போனேன். கணினித் திரையில் அவர் அதைப் பெரிதாக்கியதும் படம் முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தன. சிறிய திரையில் நான் அவற்றைக் கவனித்ததே இல்லை. அவர், “இது ஆளுங்களை நேராப் புடிச்ச படமில்லைங்களே. போன் ஸ்கிரீனைப் புடிச்சிருக்காங்க” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் விளக்கியதை, தாங்கள் சரிபார்க்க உதவும் என்பதால், இங்கே எழுதுகிறேன்.

செல்போன் திரையில் நாம் படமாகப் பார்ப்பது, சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசை வரிசையாக ஒளிரும் மிகச் சிறிய புள்ளிகள். படம் பிடிக்கும் கேமராவுக்குள்ளும் ஒளியை வாங்கும் சிறிய கட்டங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. திரையைக் கேமரா படம் பிடிக்கும்போது அந்த வரிசையும் இந்த வரிசையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. “ரெண்டு கொசுவலையை ஒண்ணுமேல ஒண்ணு போட்டீங்கன்னா அலை அலையாத் தெரியுமில்லீங்க, அது மாதிரிதானுங்க” என்றார். வெயிலில் நிற்கும் ஆட்களை நேரே எடுத்தால் இப்படிப் படம் முழுக்க அலை ஓடாது. திரையின் வெளிச்சத்தால் தோலின் நிறத்திலும் மண்ணின் நிறத்திலும் நீலம் ஏறியிருப்பதையும் காட்டினார். வலது ஓரத்தில் நூல் போலத் தெரியும் கறுப்புக் கோடு, பழைய போனின் சட்டம்.

நிழலை நானே கண்டுபிடித்தேன். குட்டைக்கு மேற்கே வேப்பமரம் உள்ளது. பிற்பகலில்தான் அதன் நிழல் கிழக்கே நீண்டு ஆட்கள் நிற்கும் இடத்தில் விழும். காலை 8.31 என்று பதிவான படத்தில் இருபத்து மூன்று பேரும் அந்த நிழலில் நிற்கிறார்கள்.

பிறகு தனசேகர் படத்தின் நடுவில் இருந்த மங்கலான இடம் ஒன்றைப் பெரிதாக்கினார். பழைய போனின் கண்ணாடியில் பிரதிபலித்த உருவம் அது. முகம் தெரியவில்லை. கையும், போனும், பட்டுப்புடவையின் சரிகைக் கரையும் தெரிந்தன. அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார். “இதைப் பிரிண்ட் போடட்டுமுங்களா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் என் முகத்தை யாரும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து நின்றேன்.

11. அதன் பிறகும் ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை. அந்த ஐந்து வாரத்தில் நான் தினமும் வேலைக்குப் போனேன், படம் எடுத்தேன், வருகை குறித்தேன். திருமணப் படங்களும் வந்துசேர்ந்தன. அவற்றில் என்னை உள்ள நிறத்தைவிடச் சிவப்பாக்கி, நெற்றித் தழும்பை எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். என்னால் இரண்டாவது படத்துக்குமேல் பார்க்க முடியவில்லை.

விபத்து நேரத்தில் நான் பணியிடத்தில் இல்லை என்பதை நிரூபிக்க, பூங்காவில் எடுத்த படங்களில் காலை 11.24 என்று நேரம் பதிந்துள்ள ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். அது அரசுக் கோப்பில் சேர வேண்டிய படம் அல்ல. ஆனால் அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. அதில் திரு. மணிமாறனும் இருப்பதால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேட்டேன். மூன்றாம் நாள் அழைத்து, “வெச்சுக் குடுங்க. நான் நிக்கறதை மட்டும் வெட்டிப்புடாதீங்க” என்றார். அவர் வீட்டார் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

12. கடந்த வெள்ளிக்கிழமை ராஜம்மாளின் வீட்டுக்குப் போய், அவர் மகனும் இருக்கையில், முழுவதையும் சொன்னேன். மகன் எழுந்து வெளியே போய்விட்டார். ராஜம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கப் போனபோது, வலிக்கும் என்று தடுத்துவிட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

“அப்ப நான் வந்தேன்தான?”

“வந்தீங்கம்மா” என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே நின்றிருந்த மகன் காதில் விழும்படி உரக்கச் சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னேன்.

13. ஆகவே நான் தங்களிடம் வேண்டுவது:

05.09.2024 தேதியிட்ட என் வாக்குமூலத்தையும், 22.08.2024 காலைப் படத்தையும் அதைக் கொண்டு குறித்த வருகையையும் ரத்து செய்து, நடந்ததை மறுபடி விசாரிக்க வேண்டும். 108 வண்டி ராஜம்மாளை ஏற்றிய இடமும் நேரமும் கொண்ட பதிவின் நகலை அவர் மகன் வாங்கி வைத்திருந்தார், அதையும் இணைத்துள்ளேன். உடன் வேலை செய்தவர்களில் உண்ணாமலை உட்பட பதினான்கு பேர் இப்போது சாட்சி சொல்ல முன்வந்துள்ளார்கள். ராஜம்மாளுக்குச் சிகிச்சை உதவியும் திட்டப்படி உரிய மற்றவையும் கிடைக்கச் செய்ய வேண்டும். என்னைப் பணியிலிருந்து நீக்கி, சட்டப்படி என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கலாம். நான் மறுப்புக் கூற மாட்டேன். அலுவலகப் போனை ஊராட்சியில் ஒப்படைத்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. உதவித்தொகைக்கான ஆணை வர நாளாகலாம் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்பாகவே, 22.08.2024 அன்று ராஜம்மாள் வேலைக்கு வந்திருந்தார் என்று ஒரே ஒரு வரியை அலுவலக முத்திரையுடன் தட்டச்சு செய்து அவர் கையில் கொடுக்க ஆவன செய்ய வேண்டும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இடம்: சேலம்
நாள்: 11.11.2024

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்டு,
அ. சத்யபிரியா
(கையொப்பம்)

இணைப்புகள்: 22.08.2024 காலை 8.31 மணிப் படம், 21.08.2024 பிற்பகல் எடுத்த மூலப் படம். மேட்டூர் பூங்காவில் 22.08.2024 காலை 11.24 மணிக்கு எடுத்த படம். 108 வண்டிப் பதிவின் நகல். பதினான்கு பேரின் கையெழுத்தும் கைநாட்டும் உள்ள தாள்.