சதுப்பில் அம்மா நின்ற பொழுது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்காக எழுதிய சொல் இல்லை இது பாப்பா, அடுத்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன். அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கால் நகத்துக்குள் போன சேற்றைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே முதலில் அதைத் தெரிந்துகொள், அம்மா வீட்டில் இருக்கிறாள், முழுசாக இருக்கிறாள். மீதியை அதன் பிறகு படி. உன் மலை முகாமில் போன் எடுக்காதென்று அதன் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன், எடுத்த பெண் “சரிங்க சார், சொல்லிடறோம்” என்றாள், அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால் போனை வைத்ததும் மறந்திருப்பாள் என்று தோன்றியது. அதனால்தான் உங்களுக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டியில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். உன்னிடம் இருப்பதும் எங்களுடைய அதே ஜிபிஎஸ் கைக்கருவிதான், அதே கம்பெனி, அதே மாடல். அது ஞாபகம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் கருவி கொஞ்ச நாளாகவே படுத்திக்கொண்டிருந்தது. பேட்டரி பாதி இருக்கும்போதே தானாக அணைந்துவிடும், நடந்த பாதையை நடுவில் விட்டுவிட்டுப் பதியும். சதுப்புக்குள் போய் நீர்மட்டக் கம்பங்களைப் பார்த்து வருவது அம்மாவின் வேலை, கருவியைச் சார்ஜ் போட்டுப் பழுது பார்த்துக் கொடுப்பது அதே அலுவலகத்தில் என் வேலை, ஆக அலுவலகத்தில் திட்டு வாங்கியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, அதைப் போட்டால் இந்தக் கோளாறெல்லாம் போய்விடும் என்று கம்ப்யூட்டரில் காட்டியது. எல்லாக் கருவிக்கும் உடனே போட்டுவிடு என்று அதிகாரியும் சொல்லிவிட்டார். எங்களிடம் இருப்பது இரண்டுதான். முதலாவதில் அப்டேட் தடங்கல் இல்லாமல் ஏறியது. ஏறி முடிந்ததும் பார்த்தால் உள்ளே சேமித்து வைத்திருந்த இடங்கள் அத்தனையும் காணோம், துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. சரி, இது ஒரு பெரிய விஷயமா என்று அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்து ஒவ்வொரு இடத்தையும் நானே திரும்ப உள்ளே ஏற்றினேன். படகுத்துறை, சதுப்புக்குள் நடந்து போகும் ஒற்றை மேட்டின் தொடக்கம், அதன் வளைவுகள், கம்பங்கள், எல்லாம். இரண்டு தடவை சரிபார்த்தேன், ஒரு எண்கூடப் பிசகவில்லை. அந்தத் திருப்தியோடுதான் மறுநாள் காலை அதை உன் அம்மா கையில் கொடுத்தேன். “இனிமே இது உன்னை எங்கயும் அம்போன்னு விடாது” என்று பெருமையாக வேறு சொன்னேன். அந்த வாயை என்ன செய்வது சொல்.

அன்றைக்கு மூடுபனி கொட்டிக்கிடந்தது. உனக்குத்தான் தெரியுமே, அந்த ஒற்றை மேடு ஒரு ஆள் நடக்கும் அகலம்தான், மழை பெய்து ஓய்ந்த பிறகு அதன் மேலும் கணுக்கால் தண்ணீர் நிற்கும், சுற்றிலும் தலைக்கு மேல் நாணல், மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அடியில்லாத சேறு. போன மழையில் ஒரு மாடு இறங்கி, இழுக்கப் போன கயிறு மட்டும்தான் திரும்பி வந்தது. திரையில் தெரியும் கோட்டைப் பார்த்துத்தான் அங்கே கால் வைக்க வேண்டும். நீ சின்ன வயதில் தூங்குமூஞ்சி மாமா என்று பெயர் வைத்தாயே, அந்தப் படகுக்காரர்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சதுப்புப் பக்கத்துத் துறையில் படகோடு நிற்பார், அம்மா மட்டும் உள்ளே நடந்து போவாள், ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கி, அலுவலகத்தில் என்னிடம் ஒன்று. வழக்கம்தான். அவர்கள் போன பிறகு நான் இரண்டாவது கருவியை எடுத்தேன். அது அப்டேட் பாதியில், கம்பெனியின் பெயர் தெரியும் முதல் திரையிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், அசையவில்லை. மெமரி கார்டை உருவிவிட்டு, இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கி எழுப்பினேன், உயிர் வந்தது. கார்டில் ஏதோ ஒரு பழைய கோப்பு கெட்டுப்போய் அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதிலும் இடங்களை ஏற்றிவிட்டு, செயற்கைக்கோள் கிடைக்கட்டும் என்று அலுவலக முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே நில அளவைக்காரர்கள் இடத்தைத் துல்லியமாகக் குறித்து ஒரு அளவுக்கல் நட்டிருக்கிறார்களே, அதன் மேலேயே வைத்தேன். கல்லின் எண்ணையும் ஏற்றியிருந்ததால் கருவி இருக்கும் இடமும் கல்லும் திரையில் ஒன்றாகத் தெரிய வேண்டும். கருவி முற்றத்தில் இருந்தது, கல் மட்டும் சாலைக்கு எதிர்ப்பக்கம் தையல் கடைக்குள் இருப்பதாகக் காட்டியது.

முதலில் சிரித்துவிட்டேன் பாப்பா. தையல்காரர் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்போல என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு வாயில் இருக்கும்போதே உறைத்தது. அம்மா கையில் இருக்கும் கருவியிலும் இதே எண்களை, இதே மாதிரிதான் ஏற்றியிருக்கிறேன். இங்கே ஒரு சாலை அகலம் தள்ளிக் காட்டினால் அங்கேயும் அதே அளவு தள்ளித்தான் காட்டும். இங்கே தள்ளினால் தையல் கடை. அங்கே, மேடு வளையும் இடத்தில் தள்ளினால் சேறு. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன், பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள், அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்ற நேரம் என் எதிரிக்கும் வரக் கூடாது. கடைசியில் ஒரு பையன் எடுத்து, “சார், அப்டேட் போட்டா செட்டிங் எல்லாம் பழையபடி கம்பெனி செட்டிங்குக்குப் போயிடும். டேட்டம் மாத்தினீங்களா?” என்றான். மெனுவில் டேட்டம் என்று ஒரு வரி உண்டு, பூமியை எந்தக் கணக்கில் அளப்பது என்று சொல்லும் வரி. எங்கள் எண்கள் ஒரு கணக்கு, அப்டேட் போட்டபின் கருவி நிற்பது வேறு கணக்கு. எண் சரி, இடம் தப்பு. “ஏற்கனவே ஏத்தினதை இப்ப செட்டிங் மாத்தி சரி பண்ண முடியாது சார், அழிச்சிட்டு மறுபடி ஏத்தணும்” என்றான். பேச்சோடு பேச்சாக, கருவிக்குள் இருக்கும் திசைகாட்டியையும் புதிதாகப் பழக்க வேண்டும், கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் மெதுவாக வட்டமாகச் சுற்ற வேண்டும் என்றான். அந்த மேட்டில் எங்கே சுற்றுவது?

வாக்கி-டாக்கியை எடுத்துவிட்டேன், ஆனால் உடனே பேசவில்லை. காரணம் கேள். நாணலுக்குள் போய்விட்டால் அம்மாவுக்கு நம் பேச்சு அறுந்து அறுந்துதான் போகும், வார்த்தையின் வால் பாதி நேரம் கேட்காது. நம் மொழியில் வேண்டாம் என்பது வாலில்தானே இருக்கிறது? நடக்காதே என்று நான் கத்தி, கடைசி எழுத்துகள் காற்றில் போய்விட்டால் அவள் காதில் நடக்க என்றுதான் விழும். நான் சொன்னேன் என்றே நடந்துவிடுவாள். பிறகு ஒரே சொல்லை எடுத்தேன். நில்லு. எப்படி அறுந்தாலும் அது நில்லாகத்தான் இருக்கும். நில்லு, நில்லு, நில்லு என்று பைத்தியக்காரனைப் போல முற்றத்தில் நின்று கத்தினேன், தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து அவரும் நின்றுவிட்டார். பதில் இல்லை. வெறும் இரைச்சல். மறுபடி கத்தினேன். அப்போதும் இரைச்சல்தான். அந்த இரைச்சலில் நான் என்னென்ன கேட்டேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அப்புறம் படகுக்காரர் குரல் வந்தது, “அண்ணே, அக்கா நின்னுட்டாங்களாம். ஏன்னு கேக்குறாங்க. ஒரு கால் முட்டி வரைக்கும் உள்ள போயிடுச்சாம்.”

ஒரு கால் போய்விட்டது என்றால் மேட்டின் விளிம்பில் நிற்கிறாள் என்று அர்த்தம். இன்னொரு எட்டு எடுத்து வைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது எழுதியே இருக்க மாட்டேன். காலை உருவிக்கொண்டு வந்த பக்கமாகவே ஒரு எட்டு பின்னால் வைக்கச் சொன்னேன், பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது, கால் வந்தது. பிறகு என் கையில் இருந்த கருவியில் டேட்டத்தை மாற்றினேன், கல்லின் எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. அதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்குப் பிறகு நான் சொல்ல, படகுக்காரர் வாங்கிச் சொல்ல, அம்மா அவருக்குத் திருப்பிச் சொல்ல, அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல, மெனுவில் எங்கே போவது, எந்த வரியை அமுக்குவது என்று தொடங்கி, ஒவ்வொரு எண்ணாக, அவளுக்குப் பக்கத்து வளைவையும் படகுத்துறையையும் மட்டும் மறுபடி ஏற்ற வைத்தோம். தூங்குமூஞ்சி மாமா வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி ஒரு எண்கூட விடாமல் சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் ஏழா எட்டா என்று குழம்பி, “அண்ணே, இருங்க, மறுபடி சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு” என்றார். எனக்கு மட்டும் என்னவாம்.

திசைகாட்டியைப் பழக்காததால், நடக்காமல் நின்றால் திரையில் வழிகாட்டும் அம்புக்குறிக்குத் திசை தெரியாது, நடந்தால்தான் தெரியும். நடக்கத்தான் எங்களுக்குப் பயம். கையிலிருக்கும் கழியைக் குத்திப் பார், தரை கெட்டியாக இருந்தால் ஒரு எட்டு வை, அம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார், மறுபடி குத்து. அப்படித்தான் வந்தாள். நடுவில் திரை அணைந்துவிட்டது. அப்டேட் போட்டதே அந்தக் கோளாறுக்காகத்தானே, அது மட்டும் போகவில்லை! மாற்றுப் பேட்டரியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டு, மறுபடி எழுப்பி, ஏற்றிய இடங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருக்கிறது என்று அவள் சொல்லும்வரை நான் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம், அவள் கவனம் கலையக்கூடாதென்று. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் படகுக்காரர், “வந்துட்டாங்க அண்ணே, தெரியுறாங்க, பனிக்குள்ள தொப்பி தெரியுது” என்றார். சொல்லிவிட்டு அவர் அழுதார், அது நன்றாகவே கேட்டது.

படகு திரும்பி வரும் இக்கரைத் துறைக்கு ஓடிப்போய் நின்றேன். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் சேறு, உதடு வெளுத்துப் போயிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கருவியை என் கையில் வைத்து, “கம்பத்து அளவு எடுக்கல. திங்கக்கிழமை போகணும்” என்றாள், அவ்வளவுதான். அதிகாரி வந்து பார்த்தார், பாவம் அவருக்கும் முகம் செத்துப்போனது, இனிமேல் இரண்டு பேராகத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கம்பெனிப் பையன் சாயங்காலம் தானே கூப்பிட்டு, “ஒரு புது அப்டேட் வருது சார், அதைப் போட்டா எல்லாம் சரியாயிடும்” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான், ஆனால் நான் முதல் வேலையாக இரண்டு கருவியையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை அம்மாவோடு நானும் போகிறேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதிலிருந்தே புரிந்துகொள்.

அதனால் பாப்பா, உங்கள் முகாமில் யாராவது அந்தக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினால் அப்டேட் போடவா என்று அதுவே கேட்கும், போடாதே, போட விடாதே. உன் மலைச்சரிவில் ஒரு சாலை அகலம் தள்ளினால் என்ன இருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனமில்லை. ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால், வெளியே போகுமுன் தெரிந்த ஒரு இடத்தில் வைத்துப் பார், டேட்டத்தைப் பார், திசைகாட்டிக்கு முகாமிலேயே சுற்றிக்கொள், நான்கு பேர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். சேமித்த இடங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள். காகித வரைபடம் பையில் இருக்கட்டும், பழசு என்று தூக்கிப் போடாதே. பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வை, குளிரில் அது சீக்கிரம் இறங்கும். அத்தைக்கு முட்டி வலி தேவலை, உன்னைக் கேட்டாள், இதையெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அவளுக்கு ரத்த அழுத்தம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

உனக்கு ஒரு குறையும் வராமல், போன கால் போன மாதிரியே திரும்பி வர எங்கள் இருவருடைய ஆசியும் உன்னோடு இருக்கும். கடிதம் கிடைத்ததும் சாமான் வண்டிக்காரரிடமே இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பு, கிடைத்தது என்றாவது எழுது. முடிக்கும்முன் அம்மாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். தீக்குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு, “எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுன்னு எழுதுங்க. அம்மாவே பயந்தாள்னு தெரிஞ்சா அவ மெதுவா நடப்பா” என்றாள்.

எழுதிவிட்டேன்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அப்பா