பாதரசம் பட்ட மோதிரம்

12.10.92, திங்கள். காலையிலிருந்து தூறல்.

அம்மாவிடம் இன்று சொல்லாதது: நிச்சயதார்த்த மோதிரம் வெளுத்துவிட்டது.

"கையில என்னட்டி கட்டு?" என்றாள். "மருந்து பட்டுருச்சும்மா" என்றேன். பொய் இல்லை. முழுசும் இல்லை.

பதினொரு மணிக்கு நடந்தது. கிளினிக்கில் ஏழு பேர். மூன்று பேருக்குக் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைக்க வேண்டும். ஊரில் அதற்குப் பெயர் வெள்ளிதான். பாதி பாதரசம் என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் சொல்வதில்லை. வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் கண்ணாடிக் கல்வத்தில் அரைப்பது என் வேலை. அரைத்ததைக் காஸ் துணியில் முடிந்து கட்டைவிரலால் பிழிந்தால் மிச்சப் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, சேத்தூர் அத்தை, மோதிரம் போடும்போதே சொல்லிவிட்டார். "தாலி ஏறுத வரைக்கும் கழட்டப்படாது கோதை. என் காப்ப அழிச்சுச் செஞ்சது."

அதனால் ஆவணியிலிருந்து மோதிரத்தின் மேல் காஸ் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறேன்.

பி.எஸ்ஸி. வேதியியல். முதல் வகுப்பு. பாதரசத்தைக் கசியவிடும் என்பதால்தான் அந்தத் துணியில் பிழிகிறேன். அதே துணியை மோதிரத்துக்குக் காவல் வைத்திருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பாதி மஞ்சள், பாதி தகரம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தீபாவளிச் சேலை கொண்டுவருகிறார். ஆறு நாள்.

13.10, செவ்வாய்

எலுமிச்சை. சாம்பல். புளி. பல்பொடி. ஒன்றுக்கும் அசையவில்லை. தேய்க்கத் தேய்க்க இன்னும் பளபளப்பு. பாதரசம் தங்கத்தின் மேல் ஒட்டவில்லை, உள்ளே போய்விட்டது.

டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். முதலில் சிரித்தார்.

"கழட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"பொறவு?"

"கழட்டக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க."

சிரிப்பு நின்றது. "நெருப்புல காட்டணும். பாதரசம் ஆவியாப் போயிரும். நீ செஞ்சிராத, அந்தப் புகை ஆகாது. பத்தர்ட்ட குடு, வெட்டவெளியில வச்சுச் செய்யச் சொல்லு."

இன்று மின்சாரம் போகாமல் இருந்ததால் புது விளக்கை முதல்முறை போட்டோம். பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு முன்பல். நேற்று வரை முன்பல்லுக்கு வெள்ளைச் சிமெண்ட்தான். இரண்டு வருடத்தில் காபிக் கறையாகிவிடும். இது குழாயிலிருந்து வரும் பசை. நீல வெளிச்சம் நாற்பது விநாடி பட்டால் கல். கல்வம் இல்லை, பிழிவது இல்லை. டீச்சர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "எந்தப் பல்லு சார் அடைச்சீங்க?" என்று கேட்டார். டாக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தை மாதம் மதுரையில் இதற்குப் பயிற்சி. என்னை அனுப்புவதாகச் சொல்கிறார். தையில்தான் கல்யாணமும்.

மாப்பிள்ளை ஜபல்பூரிலிருந்து எழுதியது (நான்காவது கடிதம்): "வேலையை விட வேண்டாம். அம்மாவிடம் நான் பேசுகிறேன்." இராணுவத்தில் கிளார்க். கையெழுத்து வரி தவறாமல் நேராக இருக்கும். என்ன படித்தேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறவர். அவரும் வேண்டும், நீல விளக்கும் வேண்டும். பேராசை என்றால் பேராசை.

தன் அம்மாவிடம் அவர் இன்னும் பேசவில்லை.

15.10, வியாழன். வெயில்.

பத்தர் கடை. சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினேன். விரலில் வெளுத்த வளையம்.

பத்தர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "பாதரசத்துல விழுந்தாப்ல இருக்கே. எங்க வேல?"

"பல் டாக்டர்ட்ட அண்ணாச்சி. வெளியில வச்சுச் சுடுங்க. புகை படக்கூடாது."

"எனக்கா சொல்லுத? சனிக்கெழம வா. மெருகு போட்டு வச்சிருக்கேன். வீட்டுல சொல்லிட்டியா?"

தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். இரண்டு பக்கமும் சேர்ந்த ஆட்டம்.

போன வருடம் அத்தை கிளினிக்குக்கு வந்தபோது அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வலது கீழ்க் கடைவாய். பயத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். போகும்போது, "இந்தப் பிள்ளைக்குக் கை என்ன பதம்" என்றார். இரண்டு மாதம் கழித்துப் பெண் கேட்டு ஆள் வந்தது. அந்த வெள்ளியில்தான் ஆரம்பம்.

வாங்க வேண்டியவை: சந்தனம், வெற்றிலை, ரவை, அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

17.10, சனி. அடைமழை.

பத்தர் கடை பூட்டு.

பக்கத்தில் பாத்திரக் கடைக்காரர்: "துட்டி கேக்கப் போயிருக்காரும்மா, சங்கரன்கோவில்ல சொந்தத்துல ஒரு சாவு. செவ்வாய்க்கெழம ஆவும்."

மோதிரம் உள்ளே. பூட்டை இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். எதற்கு?

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. செத்த நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு: "வெரல் வீங்கிருச்சுன்னு சொல்லு. கழட்டி வச்சிருக்கேன்னு சொல்லு. அம்புட்டுதான். வேற வாயத் தொறக்காத."

அப்பா இல்லாத வீடு. அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

18.10, ஞாயிறு

அத்தையும் கூட இரண்டு பெண்களும். அரக்குச் சேலை, பூ, பழம். தட்டை வாங்கக் கை நீட்டினேன். அத்தை விரலைப் பார்த்தார்.

"மோதிரம் எங்க?"

வீக்கம் என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. விரல் வீங்கவே இல்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பத்தர் கடையில இருக்கு அத்தை. வெளுத்துப் போச்சு. சுட்டா சரியாயிரும்."

"தங்கம் வெளுக்குமா? ஏன், என் காப்பு என்ன கவரிங்கா?"

"இல்லத்தை. பாதரசம் பட்டா எந்தத் தங்கமும் வெளுக்கும்."

"பாதரசத்துக்கும் ஒனக்கும் என்ன சோலி?"

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"வெள்ளி அடைக்கிறதே அதுலதான் அத்தை. உங்க கடவாப் பல்லுல இருக்கதும் அதான். நான்தான் கொழச்சேன்."

அத்தையின் கன்னம் லேசாகப் புடைத்தது. நாக்கு உள்ளே போய் அந்தப் பல்லைத் தேடுகிறது.

"என் வாய்க்குள்ளயா?"

"இறுகிட்டா ஒண்ணும் செய்யாது அத்தை."

"தங்கத்தயே திங்குதாம், என்னய ஒண்ணும் செய்யாதாம். கேட்டியளா மதினி ஒங்க மக பேச்ச?"

அம்மா, "சின்னப் பிள்ள, தெரியாமச் சொல்லுதா" என்றாள். தெரிந்துதான் சொன்னேன்.

கூட வந்தவளில் ஒருத்தி, மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி: "வித்துட்டுக் கத கட்டுதாளோ என்னமோ."

காபி குடிக்கவில்லை. சேலைத் தட்டு முன்னறையிலேயே இருக்கிறது. வைத்துவிட்டுப் போனாரா, மறந்துவிட்டுப் போனாரா? அம்மா அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள்.

22.10, வியாழன்

மோதிரம் வந்துவிட்டது. முழு மஞ்சள். உட்புறம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி இரண்டு புள்ளி.

அம்மா அதையும் சேலைத் தட்டையும் எடுத்துக்கொண்டு சேத்தூர் போனாள். என்னை வர வேண்டாம் என்றாள். கிளினிக்கில் மூன்று மருந்துப் புட்டியின் மூடியை மாற்றிப் போட்டேன். டாக்டர் திரும்பச் சரியாக மாற்றிப் போட்டார்.

அம்மா வெறுங்கையோடு திரும்பினாள், மோதிரமும் சேலையும் அங்கேயே. அத்தை மோதிரத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "வெளுத்துச்சுன்னா எங்க வெளுத்துருக்கு?" என்று கேட்டாராம். வெளுத்தபடியே காட்டியிருந்தால் நம்பியிருப்பார்.

ஜபல்பூருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். மூன்று பக்கம். பாதரசம் தங்கத்துக்குள் எப்படிப் போகிறது என்று முக்கால் பக்கம். அதை அடித்துவிட்டு அனுப்பியிருக்கலாம்.

20.11.92, வெள்ளி. மேகமூட்டம்.

ஜபல்பூரிலிருந்து பதில் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்று அம்மாவிடம் தரகர் சொன்னது போன வாரம். மதுரைப் பயிற்சிக்கு நேற்றுப் பெயர் கொடுத்தேன்.

இன்று பன்னிரண்டு மணிக்குச் சேத்தூர் அத்தை கிளினிக்குக்கு வந்தார். பாதரசத்தை எடுத்துவிட்டுப் புதுப் பசை வைக்க வேண்டுமாம்.

டாக்டர்: "நல்லா இருக்கத ஏன்மா நோண்டணும்? கடவாய்க்கு வெள்ளி ஒழைக்க மாரி இது ஒழைக்காது."

"எம்புட்டு நாள் வந்தாலும் வரட்டும். எடுத்துருங்க."

எடுத்தோம். பசையை வைத்தார். விளக்கை நான்தான் பிடிக்க வேண்டும்.

"நல்லாத் தொறங்கம்மா" என்றேன். அத்தை என்று சொல்லவில்லை.

நாற்பது விநாடி. பாதியில் அவர் கை என் முழங்கையைப் பிடித்தது. விரலில் அந்த மோதிரம். நீல வெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை. எண்ணி முடித்து விளக்கை அணைத்தேன். கடித்துப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றார்.