அடுப்பைக் கழற்றிய இடத்தில்

"மிஸ், வண்டியிலேயே தங்கி ஊர் சுத்தணும்னா ரொம்ப முக்கியமா என்ன சாமான் வேணும்?"

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டவளை உனக்குத் தெரியும். அசெம்பிளிக்குத் தாமதமாக வந்ததற்காக நீ மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட பெண்களில் ஒருத்தி. இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளும் கணவனும் ஒரு வேன் வாங்கி, உள்ளே மரவேலை செய்து, எனக்குக் காட்டக் கொண்டுவந்திருந்தார்கள். மடக்குக் கட்டில், குட்டி ஃப்ரிட்ஜ், கூரைமேல் சோலார் தகடு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இறுக்கமா மூடற மூடி போட்ட ஒரு வாளி" என்றேன்.

"மிஸ் செம ஜோக் அடிக்கறாங்க" என்று கணவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

அவர்கள் போன பிறகும் அந்த வேனின் மரத்தூள் வாசனை என் மூக்கைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நம் பள்ளியில் ஆசிரியைகளின் கழிவறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். வகுப்புகளுக்கு நடுவே காவலுக்கு யார் கிடைப்பார்கள்? ஆகவே காலைக் காபிக்குப் பிறகு கடைசி மணிவரை நாம் யாரும் தண்ணீரைத் தொடுவதில்லை. சிறுநீரகப் பாடம் எடுக்கும்போது, 'தினமும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதிக் கோடிடுவேன். என் குரலோ வறண்டு கம்மியிருக்கும். நீ வராந்தாவில் போகிறபோது அதைப் படித்துவிட்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் குடிப்பதுபோல் சைகை காட்டுவாய். பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு புரிந்ததே இல்லை.

ஓய்வு பெற்றதும், பேக்கரிக்காரர் ஒருவர் விற்ற பழைய வேனை வாங்கினேன். தனி ஆள், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆனால் நீ அதற்குள் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து, கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மேல் நகராதவளாகிவிட்டாய். திருநெல்வேலியில் உன் மகள் வீடு கட்டிக் குடிபோனபோதும் நீ போகவில்லை. மூட்டுவலி என்றாய். எல்லோரும் நம்பினோம், அவளைத் தவிர.

அவள் எனக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, நான் இவரைக் கட்டிக்கிட்டதுல அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரலையா? எங்கிட்ட மறைக்காதீங்க."

அதை அப்படியே வந்து உன்னிடம் சொன்னேன். நீ கையிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்தாய். பிறகு, "உன் டப்பா வண்டியத் தொடச்சு வை. போலாம்" என்றாய்.

என் வண்டியில் இல்லாத சாமான் இல்லை என்று எனக்குப் பெருமை. இரட்டை பர்னர் அடுப்பு, சிலிண்டர், மெத்தை, கொசுவலை, டார்ச், மருந்துப் பெட்டி, அப்பளம் பொரிக்க ஜல்லிக்கரண்டி வரைக்கும். பெங்களூர் எல்லையில் ஹெப்பகோடி தாண்டுவதற்குள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு லாரி, பின்னால் கம்பெனி பஸ்கள்.

"வண்டியத் திருப்புடீ."

"என்னாச்சு? மூட்டா?"

"மூட்டும் இல்ல, மண்ணும் இல்ல. வீட்டுக்குப் போலாம்."

நீ முழங்கால்கள் இரண்டையும் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் சொன்னாய்: ஆபரேஷனுக்குப் பிறகு அடக்க முடிவதில்லை, ஒரு தும்மல் போதும் என்று. "ஊரையே லைன்ல நிக்க வெச்ச பி.டி. மிஸ், நடுரோட்டுல நனைஞ்சு நின்னான்னு நாலு பேர் பாக்கணுமா? பேடா, பேடா. வேணாம் விடு. எனக்கு நம்ம காக்ஸ் டவுனே போதும்."

நான் வண்டியைத் திருப்பினேன். அன்று காலையிலிருந்து நானும் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை. பயணம் என்றால் அப்படித்தான் என்று உடம்பு பழகியிருந்ததால், அது ஒரு சங்கடம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மறுவாரம் அடுப்பைக் கழற்றச் சொன்னேன். நீ சண்டைக்கு வந்தாய்.

"சோத்துக்கு என்னடீ பண்ணுவ?"

"வழி பூரா ஓட்டல் இருக்கு. அதுக்கு எங்க இருக்கு?"

"பெட்ரோல் பங்க்ல இருக்குமே."

"இருக்கும். பூட்டியிருக்கும். சாவி ஓனர்கிட்ட இருக்கும். ஓனர் மைசூர்ல இருப்பாரு."

"ஐயோ, சிரிக்க வைக்காதடீ பாவி!" என்று வீட்டுக்குள் ஓடினாய்.

அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மரப்பெட்டி செய்தோம். மேலே உட்காரும் பலகை, உள்ளே மூடி போட்ட வாளி. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மரத்தூள். போட்டால் ஈரமும் வாசனையும் அடங்கிவிடும். பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பி. தண்ணீர் கேன், சோப்பு, மாற்றுத் துணி. சுற்றிலும் வெளிச்சம் புகாத தடித் திரை. அதை நீயே தைத்தாய், பழைய விளையாட்டு விழாக் கொடித் துணியை உள்பக்கம் கொடுத்து. பெயர் வைத்ததும் நீதான்: எச்.எம். ரூம். "வேலை இல்லாம யாரும் உள்ள போக மாட்டாங்க, போனவங்க சீக்கிரம் வெளிய வந்துடுவாங்க" என்றாய்.

இந்த முறை ஹெப்பகோடியைத் தாண்டினோம். ஓசூரைத் தாண்டினோம். சேலத்துக்கு முன்னால் ஒரு இளநீர்க் கடையில் நீ முழு இளநீரையும் குடித்துவிட்டு, வழுக்கையையும் வெட்டித் தரச் சொன்னாய். அதைப் பார்த்தபோதுதான் இந்தப் பயணம் நடந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

மறுநாள் மாலை உன் மகள் தன் வீட்டுக் கேட்டருகே நின்றாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாம்மா?" என்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

நீ அவள் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துவந்து திரையை விலக்கிக் காட்டினாய். அவள் பெட்டியைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள்.

"இதுக்காம்மா வரல?"

"இதுக்குத்தான். வேற என்ன கோவம் உம்மேல?"

அவள் திரையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "பெங்களூர் பஸ் ஏறினா நான் முந்தின நாளே தண்ணியக் கொறச்சிருவேம்மா" என்றாள். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குள் அவளே, "கொஞ்சம் இரு" என்று வண்டிக்குள் ஏறித் திரையை இழுத்துவிட்டாள். மாப்பிள்ளை வெளியே வந்து, "அத்தை, வாங்க, ஏன் ரோட்டுலயே நிக்கறீங்க? அவ எங்க?" என்றார். "எச்.எம். ரூம்ல இருக்கா" என்றாய். திரைக்குப் பின்னால் அவள் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது.

அதன்பிறகு எத்தனையோ ஊர்கள் போனோம். ஒன்று மட்டும் உனக்குக் கடைசிவரை வரவில்லை. திரை இருந்தது, வாளி இருந்தது. 'நிறுத்து' என்று வாய்விட்டுக் கேட்க மாட்டாய். கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாய். ஆகவே நானே ஓரங்கட்டுவேன். டயரில் ஏதோ சத்தம் என்பேன். "இந்த டயருக்கு எப்பப் பாரு ஒரு சத்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டே நீ பின்னால் போவாய்.

போன மழைக்காலத்தில், ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்விட்டாய். இப்போது என் வண்டியில் தங்கை வருகிறாள், தெருப் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் பேச்சு குறைந்து பார்வை ஜன்னல் பக்கம் திரும்பினால், என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது. உன்னோடு ஓட்டியதில் எனக்குப் படிந்தது அதுதான்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பெண்களோடு தொலைதூரம் போகும்போது, அவர்கள் கேட்பதற்கு முன்பே, சுத்தமான கழிவறை உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.