மச்சான் விற்ற பங்கு

1928, ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

ரப்பர் கம்பெனிப் பங்கைப் பத்து வருசம் விற்காமல் வைத்திருந்தால் மகள் கல்யாணத்தை ஜாம்ஜாம் என்று நடத்தலாம் என்றவன் என் மச்சான், எங்கள் மலாயாத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கங்காணியான நான் தினமும் பார்க்கிற மரங்கள்தானே, பால் வற்றாதவரை பங்கும் இறங்காது என்று நம்பி நானும் வாங்கினேன். இப்போது விலை தரையில் கிடக்கிறது. இன்று பீடோர் டவுன் காப்பிக்கடையில் அவனையே கேட்டால், விலை உச்சத்தில் இருந்தபோதே தன் பங்கை விற்றுவிட்டானாம்.

"என்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?"

"நீயும் வித்தா விலை விழுந்திடும்லா, மாப்ளே!"

"ஆமா, என் இருபது பங்குக்கு லண்டன் மார்க்கெட்டே கவுந்திடும்!"

கடையே சிரித்தது. நான் காப்பிக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "அண்ணன் என்ன சொன்னாரு?"

அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

"இன்னும் கொஞ்ச நாள் வச்சிருக்கச் சொன்னாரு" என்றேன்.