காதல் பாட்டில் வராத வார்த்தை

ஜோத்பூர்

மதிப்புக்குரிய என் கணவருக்கு,

உங்களைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போன மயேல், துலூஸிலிருந்து நேற்று எனக்குப் போன் செய்தாள். பிரெஞ்சில்தான் பேசினோம். கைடு வேலைக்காக நீங்கள் காதல் பாட்டுகளைப் போட்டுப் பிரெஞ்சும் ஸ்பானிஷும் படித்தபோது, பட்டாணி உரித்துக்கொண்டே, "முத்தத்துக்கு என்ன? நிலாவுக்கு என்ன?" என்று கேட்டு ஒப்பிக்க வைத்தவள் நான்தானே. நீங்கள் மறந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போது உங்கள் வெள்ளைக்காரர்களைக் கோட்டைக்குள் கூட்டிப்போவதும் நான்தான்.

"உங்க தம்பிய இனிமே என்னால வச்சுக்க முடியாது. வேலைக்குப் போறதில்ல. எதைக் கேட்டாலும் பாட்டு வரியையே சொல்றார். அங்க அனுப்பிடட்டுமா அக்கா?" என்றாள்.

காதல் பாட்டில் மனைவி என்ற வார்த்தை வராது. அதனால் உனக்கு அது தெரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அவளிடம் என்னைப் பற்றிச் சொன்ன அக்கா மட்டும் எந்தப் பாட்டில் வந்தது?

ஆமாம், இனி நீதான். தம்பியை யார் நீங்கள் என்பார்கள்?

உன் அம்மாவிடம் சொன்னேன். "அவன் கெடக்குறான் மருமகளே. நாளைக்கு வெள்ளைக்காரக் கூட்டம் எத்தனை மணிக்கு வருது?" என்றார்.

மயேலிடம், இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டேன். துலூஸிலிருந்து மலையைத் தாண்டினால் ஸ்பெயின். அந்தப் பாட்டுகளும் உனக்குத் தெரியுமே.

இத்துடன் ராக்கிக் கயிறு வைத்திருக்கிறேன். தூரத்தில் இருக்கும் தம்பிக்குத் தபாலில் அனுப்புவதுதானே நம் வழக்கம். வலது கையில் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா